வெளியாள் என்பவர் யார்?

(ஜாதவ்பூரில் நம் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மக்களின் பெயரைச் சொல்லி ஆட்சி நடத்தும் கவர்ச்சிக் கட்சிகளை, கட்சி சாராத பொதுமக்கள் எவ்வாறு எதிர்த்து நிற்கிறார்கள் என்பதுதான் இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். இப்படி நிற்பவர்களை வங்காளிகள் ‘நாகரிக் சமாஜ்’ என்கிறார்கள். குடிமக்கள் சமூகம் என்று நாம் சொல்லலாம். ‘அது படித்தவர்கள் விவகாரம். அடுப்பும் தராசும் தள்ளுவண்டியுமாகப் பிழைக்க வந்த நமக்கு அதில் என்ன வேலை?’ என்று நம்மில் பலர் கேட்கிறோம். நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேடுவதற்காகவே கூடியிருக்கிறோம்.

முதலில் கவர்ச்சி அரசியல் என்பது எது என்று தெளிவு செய்துகொள்வோம். ஏழைக்கு அரிசி கொடுப்பது, பெண்களுக்கு மாதாமாதம் பணம் கொடுப்பது, பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுப்பது இவை கவர்ச்சி அரசியல் ஆகா. அவை அரசின் கடமை. அந்தக் கடமையைத் தலைவரின் சொந்தக் கொடையாகக் காட்டுவதுதான் கவர்ச்சி அரசியல். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது, தொண்டர்கள் கொண்டுவந்த நிவாரணப் பொருள்கள் மீதும் முதலமைச்சரின் படத்தை ஒட்டியதாகப் புகார் எழுந்ததே, நினைவிருக்கிறதா? அந்த மனப்பான்மையைத்தான் சொல்கிறோம்.

இதற்கு இன்னொரு அடையாளமும் உண்டு. அது இதைவிட ஆபத்தானது. இத்தகைய கட்சி ‘நானே மக்கள்’ என்று சொல்லும். அப்படியானால் அதை எதிர்ப்பவன் யார்? மக்களாக இருக்க முடியாது. சதிகாரனாக, தேசத் துரோகியாக, வெளியாளாகத்தான் இருக்க வேண்டும். டில்லியில் ஆளும் கட்சியும் இந்தக் கணக்கைப் போடுகிறது. 2011இல் ‘மா, மாட்டி, மானுஷ்’ — தாய், மண், மனிதன் — என்ற முழக்கத்தோடு இந்த மாநிலத்தில் பதவிக்கு வந்த திரிணாமூல் காங்கிரசும் இதே கணக்கைத்தான் போட்டது. விரல் நீட்டும் திசைதான் வேறு.

இந்த ‘வெளியாள்’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். வங்காளியில் ‘பொஹிராகத்தோ’ என்பார்கள். நம் பேச்சு இந்தச் சொல்லைச் சுற்றித்தான் போகப்போகிறது.

நாம் கூடியிருக்கும் இந்த ஜாதவ்பூர் யார் கட்டிய ஊர்? 1947இல் நாடு துண்டானபோது கிழக்கு வங்காளத்திலிருந்து கையில் மூட்டையோடு ஓடிவந்தவர்கள் கட்டிய ஊர். பிஜய்கட், ஆசாத்கட் முதலிய காலனிகள் அகதிகள் தாங்களே இடம் பிடித்து, மூங்கில் நட்டு, பள்ளிக்கூடம் வைத்து எழுப்பிய குடியிருப்புகள். 1950இல் அகதிகள் தங்களுக்கென ஐக்கிய மத்திய அகதிகள் கவுன்சிலை அமைத்தார்கள். அனுமதியின்றிக் குடியேறியவர்களை வெளியேற்ற 1951இல் சட்டம் வந்தபோது, அவர்கள் ஊர்வலம் போய், தடியடி பட்டு, காலனிகளைக் காப்பாற்றினார்கள். அன்று ‘வெளியாள்’ எனப்பட்டவர்களின் பேரப் பிள்ளைகள்தாம் இன்று நம் தெருக்காரர்கள். வந்தவர்களின் ஊர் இது. ஆகவே இங்கே எதிர்ப்புக் குரல் எழுவதில் ஆச்சரியமில்லை.

அரசியல் திருப்பங்களுக்கும் பெயர் போன தொகுதி இது. 1984 தேர்தலில் மார்க்சிஸ்ட் கட்சியின் சோம்நாத் சட்டர்ஜியை மமதா பானர்ஜி தோற்கடித்து முதன்முதலாக நாடாளுமன்றம் போனது இந்த ஜாதவ்பூரிலிருந்துதான். 2011இல் முதலமைச்சர் புத்ததேவ் பட்டாச்சார்யா தம் சட்டமன்றத் தொகுதியை இழந்ததும் இதே ஜாதவ்பூரில்தான்.

இனி, குடிமக்கள் எப்படி எதிர்த்தார்கள் என்று வரிசையாகப் பார்ப்போம்.

2012 ஏப்ரலில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா, முதலமைச்சரைக் கேலி செய்த ஒரு கார்ட்டூனை மின்னஞ்சலில் பிறருக்கு அனுப்பினார். அவ்வளவுதான். கட்சிக்காரர்கள் அவரைத் தாக்கினார்கள். போலீஸ் கைது செய்தது அடிபட்டவரைத்தான். அவர் மீது போட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் செல்லாது என்று தள்ளியது. அப்படியும் வழக்கு ஓயவில்லை. 2023 ஜனவரியில்தான் அவர் விடுவிக்கப்பட்டார். ஒரு சிரிப்புக்குப் பதினோராண்டு வழக்கு! அவர் சோர்ந்து உட்காரவில்லை. தம்மைப்போல் ஆளும் கட்சியினரால் தாக்கப்பட்டவர்களை ஒன்றுசேர்த்து ‘ஆக்ராந்தோ ஆம்ரா’ — தாக்கப்பட்டவர்கள் நாங்கள் — என்ற அமைப்பைக் கட்டினார். தனித்தனியே அடி வாங்கியவர்கள் ஒரே பெயரில் நிற்பது முதல் பாடம்.

அடுத்தது 2014. பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவிக்கு நேர்ந்த பாலியல் கொடுமைக்கு முறையான விசாரணை கேட்டு மாணவர்கள் துணைவேந்தரை முற்றுகையிட்டார்கள். செப்டம்பர் 17 விடியுமுன் போலீஸ் உள்ளே வந்தது. விளக்குகள் அணைந்தன. தடியடி நடந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் கைதானார்கள். மறுநாள் அதிகாரிகள் சொன்ன காரணம் என்ன தெரியுமா? கூட்டத்தில் வெளியாட்கள் இருந்தார்களாம்! பார்த்தீர்களா, அதே சொல்.

மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 20ஆம் தேதி, கொட்டும் மழையில் நந்தனிலிருந்து மாயோ ரோடு நோக்கிப் பல்லாயிரம் பேர் நடந்தார்கள். ‘ஹோக் கொலொரோப்’ — எழட்டும் ஆரவாரம் — என்பது அவர்கள் முழக்கம். வெளியாட்கள் என்று சொன்னதற்கு மாணவர்கள் விடை சொன்ன விதம் அழகானது. வாதாடிக்கொண்டிருக்கவில்லை. மற்றக் கல்லூரி மாணவர்கள், பெற்றோர்கள், பழைய மாணவர்கள் என்று எல்லாரையும் வெளியிலிருந்து அழைத்து வந்து கூட நிறுத்தினார்கள். துணைவேந்தர் வேண்டுமா வேண்டாமா என்று தங்களுக்குள் வாக்கெடுப்பு நடத்தினார்கள். டிசம்பர் பட்டமளிப்பு விழாவில் ஒரு மாணவி ஆளுநர் கையால் பதக்கம் வாங்க மேடையிலேயே மறுத்தார். 2015 ஜனவரியில் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஜனவரி 12ஆம் தேதி முதலமைச்சரே வளாகத்துக்கு வந்து, துணைவேந்தர் விலகுகிறார் என்று அறிவிக்க நேர்ந்தது. இங்கே கவனிக்க வேண்டியது, கோரிக்கை ஒன்றே ஒன்றாக, நிறைவேறினால் எல்லாருக்கும் தெரியக் கூடியதாக இருந்தது. ஆட்சியைக் கவிழ்ப்போம் என்று அவர்கள் சொல்லவில்லை.

விரலின் திசை மாறியபோது என்ன செய்தார்கள்? 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. அதே ஜாதவ்பூர்ப் பட்டமளிப்பு மேடையில் ஒரு மாணவி அந்தச் சட்டத்தின் நகலைக் கிழித்தார். 2020 ஜனவரி 7 முதல் பார்க் சர்க்கஸ் மைதானத்தில் முஸ்லிம் பெண்கள் இரவு பகலாக அமர்ந்தார்கள். 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு முன் ‘பாரதிய ஜனதாவுக்கு ஓட்டு இல்லை’ என்ற பிரசாரம் மாநிலம் முழுதும் நடந்தது. யாருக்குப் போடுங்கள் என்று அது சொல்லவில்லை. யாருக்குப் போடாதீர்கள் என்று மட்டும் சொன்னது. டில்லி எல்லையில் போராடிக்கொண்டிருந்த விவசாயிகளின் தலைவர்களும் மார்ச் மாதம் இங்கு வந்து அதையே கேட்டுக்கொண்டார்கள். இது ஆளும் கட்சிக்குத்தான் உதவும் என்று மார்க்சிஸ்டுகள் குறை கூறினார்கள். அந்தக் குறையைத் தட்டிக் கழிக்க முடியாது. மே 2ஆம் தேதி முடிவு வந்தபோது திரிணாமூலுக்கு 213 இடம், பாரதிய ஜனதாவுக்கு 77, இடதுசாரிகளுக்கும் காங்கிரசுக்கும் ஒன்றுகூட இல்லை. ஒரு கவர்ச்சியைத் தடுக்கப் போய் இன்னொரு கவர்ச்சிக்குப் பாதை போட்டோமா என்ற கேள்வி அவர்களிடையே இருந்தது. இருக்கவும் வேண்டும்.

பிறகு 2024. ஆகஸ்ட் 9ஆம் தேதி ஆர்.ஜி. கர் மருத்துவமனையில், பணியில் இருந்த பெண் டாக்டர் கொலையுண்டு கிடந்தார். ஆகஸ்ட் 14ஆம் தேதி நடுநிசியில் ‘பெண்களே, இரவைக் கைப்பற்றுங்கள்’ என்று ஓர் அழைப்பு வந்தது. முதலில் சொன்ன இடங்கள் மூன்றே மூன்று. அவற்றுள் ஒன்று நம் 8பி பஸ் ஸ்டாண்டு. அந்த இரவு மாநிலத்தின் மூலை முடுக்கெல்லாம் பெண்கள் தெருவில் நின்றார்கள். கட்சிக் கொடி வேண்டாம் என்பது ஒரே விதி. ஆகஸ்ட் 18ஆம் தேதி, பந்தாட்டம் ரத்தானதும், ஜென்மப் பகையாளிகளான மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் தோளோடு தோள் நின்று நீதி கேட்டார்கள். கல்கத்தாவில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும் அது எவ்வளவு பெரிய சங்கதி என்று!

போராட்டத்துக்குள் புகப் பார்த்த பாரதிய ஜனதாத் தலைவர்களை ‘திரும்பிப் போ’ என்று டாக்டர்கள் முழக்கமிட்டு அனுப்பினார்கள். முதலமைச்சரோ, மருத்துவமனையைச் சூறையாடியது இடதும் ராமும் சேர்ந்து செய்த வேலை என்றார். செப்டம்பர் 9ஆம் தேதி ‘விழாவுக்குத் திரும்புங்கள்’ என்றார். சில பூஜைக் கமிட்டிகள் அரசு அப்போது கொடுத்த 85,000 ரூபாய் மானியமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டன. பேச்சுவார்த்தைக்கு அழைத்தபோது, எல்லாரும் பார்க்கும்படி நேரடியாக ஒளிபரப்புங்கள் என்று ஜூனியர் டாக்டர்கள் கேட்டார்கள். அது கிடைக்காதபோது, பேசியதை எழுத்தில் வைத்துக் கையெழுத்துப் போடச் செய்தார்கள். செப்டம்பர் 17ஆம் தேதி போலீஸ் கமிஷனர் மாற்றப்பட்டார். வேலைநிறுத்தக் காலத்தில் ஏழை நோயாளி தவிக்கக் கூடாதென்று ‘அபயா கிளினிக்’ என்ற பெயரில் இலவச மருத்துவமும் பார்த்தார்கள்.

நம் ஊரிலும் இதைப் பார்த்திருக்கிறோம். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் திரண்ட இளைஞர்கள் எந்தக் கட்சித் தலைவரையும் மேடை ஏற்றவில்லை. ஆறு நாள் அந்தக் கடற்கரை கட்சிகளின் கைக்கு வெளியே இருந்தது. ஜனவரி 23ஆம் தேதி போலீஸ் தடி தூக்கியபோதுதான் கலைந்தது.

இவ்வளவும் பெருமையாகச் சொன்னோம். ஆனால் புகழ்ந்துவிட்டு எழுந்து போக நாம் வரவில்லை. இந்த இயக்கங்கள் எங்கே வழுக்கின என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒரு வழுக்கல், ஏணியாகிப் போவது. 2007 மார்ச் 14ஆம் தேதி நந்திகிராமில் போலீஸ் சுட்டு 14 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 14ஆம் தேதி எழுத்தாளர், நடிகர், ஓவியர், சாதாரண ஜனங்கள் என்று கொடியே இல்லாமல் காலேஜ் ஸ்கொயரிலிருந்து மாபெரும் ஊர்வலம் போனது. அது நியாயமான கோபம். ஆனால் அந்தக் காலத்து எதிர்ப்பு முகங்கள் பல, சில ஆண்டுகளில் புதிய கட்சியின் மேடையில் இருந்தன. பாடகர் கபீர் சுமன் 2009இல் திரிணாமூல் வேட்பாளராக இதே ஜாதவ்பூரிலிருந்து எம்.பி. ஆனார். பிறகு அந்தக் கட்சியோடு அவருக்கே முரண்பாடு வந்தது. நாடகாசிரியர் பிராத்ய பாசு 2011இல் மந்திரியானார். பதவிக்குப் போவது பாவம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் 2012இல் கார்ட்டூனுக்குக் கைது நடந்தபோது, கேள்வி கேட்க வேண்டியவர்களில் பலர் ஆளும் வரிசையில் இருந்தார்கள். காவலுக்கு நின்றவன் வீட்டுக்காரனின் பங்காளியானால், திருட்டை யார் கூவிச் சொல்வது?

இரண்டாவது வழுக்கல், நம் போன்றோரை விட்டுவிட்டுப் போவது. 2024 ஆகஸ்டில் கல்கத்தாவே தெருவில் நின்றது. நவம்பரில் ஆறு தொகுதிகளில் இடைத்தேர்தல் நடந்தது. ஆறிலும் திரிணாமூலே வென்றது. ஏன்? தெருவில் நின்ற பலர், கிராமத்துப் பெண் ‘லட்சுமீர் பண்டார்’ பணத்துக்காக ஓட்டை விற்கிறாள் என்று ஏளனம் பேசினார்கள். 2021இல் பொதுப் பிரிவுப் பெண்களுக்கு 500, பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்கு 1,000 ரூபாயாகத் தொடங்கிய அந்த உதவி 2024 ஏப்ரலில் பொதுப் பிரிவுப் பெண்களுக்கு 1,000, பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்கு 1,200 என்று உயர்ந்தது. மாதக் கடைசியில் கையில் வந்த அந்த 1,000 ரூபாய் என்னவென்று அடுப்பூதும் பெண்ணுக்குத் தெரியும். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் 1,000 ரூபாய் தொடங்கியபோது அதற்கு என்ன பெயர் வைத்தார்கள்? ‘உரிமைத் தொகை’. அந்தப் பெயர் சரியான பெயர். அது உரிமை என்றால், வாங்குகிறவள் யாருக்கும் நன்றிக்கடன் பட்டவள் அல்லள். பணத்தையும் வாங்கலாம், கேள்வியும் கேட்கலாம். இதை ஏளனக்காரர்களுக்கும் சொல்ல வேண்டும், கட்சி தாதாக்களுக்கும் சொல்ல வேண்டும். சொல்லத் தகுதியானவர்கள், அந்தப் பணத்தின் அருமை அறிந்த நம் வீட்டுப் பெண்கள்தாம்.

மூன்றாவது வழுக்கல்தான் நமக்கு மிக நெருக்கமானது. 2021 தேர்தலில் பாரதிய ஜனதாத் தலைவர்களைத் திரிணாமூல் ‘வெளியாட்கள்’ என்றது. ‘வங்காளம் தன் சொந்த மகளையே விரும்புகிறது’ என்று சுவரெல்லாம் எழுதியது. அன்றைக்கு அது டில்லிக்காரரையும் குஜராத்திகளையும் குறித்தது என்று பலர் ரசித்தார்கள். குடிமக்கள் அமைப்புகளில் சிலரும் அந்தச் சொல்லைக் கையில் எடுத்தார்கள். தோழர்களே, அந்தக் கத்திக்குக் கைப்பிடி கிடையாது. யார் எடுத்தாலும் கை அறுபடும்.

1966 ஜூன் 19ஆம் தேதி பம்பாயில் சிவசேனை பிறந்தது. மண்ணின் மைந்தனுக்கே வேலை என்றது. பால் தாக்கரேயின் ‘மார்மிக்’ பத்திரிகை, அலுவலகங்களில் வேலை பார்த்த தென்னிந்தியர் பெயர்களைப் பட்டியல் போட்டு அச்சடித்தது. நம்மவர் கடைகள் தாக்கப்பட்டன. மராட்டியத் தொழிலாளியின் வேலையில்லாத் திண்டாட்டம் உண்மை. அதற்குக் காரணம் மாதுங்காவில் டைப் அடித்தவனும் தாராவியில் தோல் பதனிட்டவனும்தான் என்பது பொய். அந்தப் பொய் நம் உறவினர்களின் தலையில் விழுந்தது.

நாமும் யோக்கியம் பேசிவிட முடியாது. தமிழ்நாட்டில் பீகார்க்காரனை ‘வடக்கன்’ என்று இழித்துப் பேசும் நாக்குகள் இருக்கின்றன. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகளைக் கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்களைப் பரப்பினார்கள். திருப்பூரிலிருந்தும் கோவையிலிருந்தும் பயந்து ரயிலேறியவர்கள் நம்மைப் போன்ற கூலிக் குடும்பத்தார்தாம். 2025இல் டில்லியிலும் ஒடிசாவிலும் அரியானாவிலும் வங்காளி பேசிய தொழிலாளிகளை ‘வங்காளதேசத்தான்’ என்று பிடித்தார்கள். ஒரு கர்ப்பிணிப் பெண்ணை எல்லைக்கு அப்பாலேயே தள்ளிவிட்டார்கள். நீதிமன்றத்தில் வழக்காடித்தான் டிசம்பரில் அவரைத் திருப்பிக் கொண்டுவர முடிந்தது. அந்தத் தொழிலாளிகளுக்காக முதலில் ஓடியவர்களில் இந்த மாநிலத்துப் புலம்பெயர் தொழிலாளர் அமைப்புகளும் உண்டு. ஆளும் கட்சியும் 2025 ஜூலையில் ஊர்வலம் போனது. போகட்டும், நல்லது. ஆனால் வெளியே போன வங்காளியை ‘வெளியாள்’ என்றால் வலிக்கிறது என்றால், உள்ளே வந்தவனை அப்படிச் சொல்வதும் தவறுதானே?

இதைக் கேட்கும் தகுதி நமக்கு உண்டு. எல்லா இடத்திலும் வெளியாள் எனப்படுகிறவன்தான் அந்தச் சொல்லின் பொய்யை முழுதாக அறிவான். படித்த பெருமக்களின் இயக்கத்துக்கு நாம் கொண்டுபோகக் கூடிய சரக்கு இதுதான். ‘நானே மக்கள்’ என்று ஒரு கட்சி சொல்லும்போது, ‘இல்லை, நாங்களே உண்மையான வங்காளி மக்கள்’ என்று பதில் சொன்னால் அதே சேற்றில்தான் விழுவோம். இந்த ஊரில் உழைத்து, வரி கொடுத்து, பிள்ளை வளர்க்கிற எல்லாரும் மக்கள் என்பதே சரியான பதில். அதைச் சொல்லிக் காட்டினால் போதாது. எட்டுப் பேர் தமிழிலும் வங்காளியிலும் எழுதிய அட்டையோடு கூட்டத்தில் நின்றால், அது தானாகவே தெரியும்.

பயம் இருக்கிறது என்பதை நாம் மறைக்க வேண்டாம். கொடியில்லாத கூட்டத்துக்குப் போனால் கிளப் பையன் முறைப்பான். வீட்டுக்காரர் ‘ஏன் வம்பு?’ என்பார். தள்ளுவண்டி நிறுத்தும் இடம் பறிபோகுமோ என்று மனம் அடித்துக்கொள்ளும். ஆகவேதான் தனியாகப் போகாதீர்கள் என்கிறோம். அடிபட்டவர்கள் ஒரே பெயரில் நின்ற கதையை முதலில் சொன்னது அதற்காகத்தான்.

முடிவாக, சங்கத்தின் முன் நான்கு யோசனைகளை வைக்கிறோம். விவாதித்து முடிவு செய்யுங்கள்.

முதலாவது, அரசு உதவிகளுக்கு மனு எழுதிக் கொடுக்கும் வேலையை நம் சங்கமே எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த தாதாவின் சிபாரிசும் இல்லாமல் உரிமை கிடைத்தால், பயத்தில் பாதி போய்விடும்.

இரண்டாவது, 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் மேற்கு வங்காளத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரே சமயத்தில் தொடங்கியது. இங்கும் இல்லாமல் அங்கும் இல்லாமல் நடுவில் விடுபட்டுப் போகிறவர்கள் நம் போன்ற குடும்பத்தார்தாம். ஒவ்வொரு வீட்டிலும் யார் பெயர் எந்த ஊரில் இருக்கிறது என்று நம் இளைஞர்கள் வீடு வீடாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஓட்டில்லாதவனுக்கு மரியாதை இல்லை.

மூன்றாவது, குடிமக்கள் அமைப்புகள் கொடியில்லாமல் அழைக்கும் கூட்டங்களுக்குச் சங்கத்தின் பெயரில், குழுவாக, பெண்களை முன்னிறுத்திப் போக வேண்டும். ஆனால் எந்தக் கட்சிக்காரரையாவது ‘வெளியாள், ஊரை விட்டுப் போ’ என்று யாரேனும் முழக்கமிட்டால், அந்த முழக்கத்தில் நம் வாய் சேரக் கூடாது. அவர் செய்த குற்றத்தைச் சொல்வோம். அவர் பிறந்த ஊரைச் சொல்ல மாட்டோம். நம் வீட்டிலும் ‘வடக்கன்’ என்ற சொல் இனி வேண்டாம். பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நான்காவது, சங்க நிர்வாகிகள் பொறுப்பில் இருக்கும்வரை எந்தக் கட்சியிலும் பதவி ஏற்கக் கூடாது. போக விரும்பினால் விலகிவிட்டுப் போகட்டும். எந்தக் கட்சி ஆண்டாலும் அதனிடம் கேட்கக் கூடிய வாய் நம்மிடம் மிச்சம் இருக்க வேண்டும்.

அகதியாய் வந்தவர்கள் மூங்கில் நட்டு எழுப்பிய ஊரில் நாம் குடியிருக்கிறோம். அவர்களை வெளியேற்ற வந்த சட்டத்தை அவர்கள் ஒன்றாக நின்று தடுத்தார்கள். அந்த வழி நமக்கும் திறந்தே இருக்கிறது. அடுத்த மாதக் கூட்டத்தில் இந்த நான்கையும் தீர்மானமாக்குவோம். தாய்மார்கள் தவறாமல் வர வேண்டும். அண்டை வீட்டு வங்காளிச் சகோதரிகளையும் அழைத்து வாருங்கள். மொழிபெயர்த்துச் சொல்ல நம் பிள்ளைகள் இருக்கிறார்கள்.